சம்பளத்தில் உப்பில்லை

'சம்பளம்' என்ற சொல்லைச் சம்பா, அளம் என்று இரண்டாக வெட்டி, முன்துண்டு நெல், பின்துண்டு உப்பு என்று பொருள் சொல்லி, நம் முன்னோர் நெல்லும் உப்பும் கூலியாகப் பெற்றதற்கு இதுவே சாட்சி என்று முடிப்பது நெடுநாளாக நடக்கிறது. பட்டிமன்றத்தில் கைதட்டல் வாங்கித் தந்த இந்த விளக்கம் இப்போது பிரசங்க மேடைக்கும் ஏறிவிட்டது. பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் ஆறாம் அதிகாரத்துக் கடைசி வசனத்தில் பாவம் தரும் சம்பளம் சாவு என்று வருகிறதல்லவா? அங்கே உப்பைத் தூவாமல் இறங்குகிற பேச்சாளர் குறைந்து வருகிறார். ரோமாபுரிப் போர்வீரனுக்கும் உப்புதான் சம்பளம், தமிழனுக்கும் உப்புதான் சம்பளம், ஆகவே பவுலும் உப்பைத்தான் நினைத்தார் என்று ஒரு முடிச்சு. மூன்று இழையும் அறுந்தவை.

ரோமாபுரி இழையை முதலில் பார்ப்போம். 'சலாரியும்' என்ற இலத்தீன் சொல்லுக்கும் உப்பைக் குறிக்கும் 'சல்' என்பதற்கும் உறவு உண்டு, மறுப்பார் இல்லை. பிளினி தம் இயற்கை வரலாற்றின் 31ஆம் நூலில் உப்பின் பெருமையைச் சொல்லி வரும்போது அந்த உறவைத் தொட்டுச் செல்கிறார். அவ்வளவுதான். வீரனுக்கு உப்பை அளந்து ஊதியமாகக் கொடுத்தார்கள் என்று அவர் எழுதவில்லை. பழைய ஆசிரியர் வேறெவரும் எழுதவில்லை. படைவீரனின் ஊதியத்துக்கு உரோமர் வைத்திருந்த பெயர் 'ஸ்திப்பெந்தியும்'. அது காசு. அகஸ்து காலத்தில் சாதாரணக் காலாள் ஒருவனுக்கு ஆண்டுக்கு 225 தெனாரியம். மாற்கு, யோவான் நற்செய்திகளில் வருகிற அதே தெனாரியம்தான், உப்புக்கல் அன்று.

தமிழ் இழை இன்னும் மெலிது. அளம் என்றால் உப்பு விளைகிற நிலம்; உப்பளம் என்று இன்றும் சொல்கிறோம். நிகண்டுக்காரர் உப்பு என்றும் ஒரு பொருள் தருவார்கள், தரட்டும். ஆனால் கடையில் போய் 'ஒரு படி அளம் கொடு' என்று எந்தத் தலைமுறைத் தமிழன் கேட்டான்? சம்பாவும் அளமும் சேர்ந்தால் சம்பாவளம் ஆகுமே ஒழியச் சம்பளம் ஆகாது. அதற்காகச் 'சம்பு' என்று குறுக்கிக்கொள்கிறார்கள். சம்பு கோரையில் உண்டு, சிவன் பெயரில் உண்டு, நாவல் மரத்தில் உண்டு. இத்தனையையும் தள்ளிவிட்டு நெல்லைப் பிடிப்பது நமக்கு வேண்டிய விடைக்காகக் கணக்கைத் திருத்துவது. அதுவும் சம்பா! களத்தில் நின்ற கூலியாளுக்குச் சம்பா அளந்த மிராசுதாரர் எந்த ஊரில் இருந்தார் என்று தெரிந்தால் அந்த ஊருக்கு ஒருமுறை போய் வரலாம்.

இதைவிட வலிய மறுப்பு ஒன்று உண்டு. நெல்லும் உப்பும் அடுத்தடுத்து வரும் சங்கப் பாடல்கள் நமக்குத் தெரியாதவை அல்ல. அகநானூற்றில் அம்மூவனார் பாடிய 140ஆம் பாட்டிலும் 390ஆம் பாட்டிலும் உமணர் வீட்டுப் பெண் தெருவில் நின்று உப்புக்கு நெல்லை நேர்நிறுத்தி விலை கூறுகிறாள். அவ்வளவு பொருத்தமான இடத்திலும் சம்பளம் என்ற சொல் தலைகாட்டவில்லை. பாட்டும் தொகையும் அறியாத சொல் அது, வள்ளுவரும் அறியாதது. அவர் 619ஆம் குறளில் உழைப்புக்குக் கிடைப்பதைச் சொல்லவேண்டி வந்தபோது எடுத்த சொல் கூலி. கூலத்திலிருந்து கூலி பிறந்தது என்பதை ஒப்புக்கொள்ளத் தடையில்லை; தானியமே கூலியாக இருந்த காலம் அந்தச் சொல்லின் வயிற்றில் தெரிகிறது. சம்பளத்தின் வயிற்றில் தெரிவது வேறு.

அது கட்டுச்சோறு.

வடமொழியில் 'சம்பல' என்றால் வழிப்போக்கன் எடுத்துச் செல்லும் உணவு. பாலியிலும் 'சம்பல' அதே பொருளில் உண்டு. இந்திக்காரர் இன்று 'சம்பல்' என்பதைத் துணை, பற்றுக்கோடு என்ற பொருளில் ஆள்வதும் அந்தக் கட்டுச்சோற்றின் நீட்சிதான். கன்னடத்தில் சம்பள, மலையாளத்தில் முதலெழுத்து 'ச'கரம் வடமொழிச் சாயலோடு ஒலிக்கும் சம்பளம், தெலுங்கில் சம்பளமு. இவர்கள் எல்லோரும் சோழநாட்டுச் சம்பா நெல்லுக்காகக் காத்திருந்து இச்சொல்லைச் செய்துகொண்டார்கள் என்று நம்பச் சொல்பவர்களிடம் வாதிட எனக்குப் பொழுதில்லை. ஒருவனை ஊர்விட்டு ஊர் அனுப்புகிற எசமான், போகும் வழிக்குச் சோறு கட்டித் தருகிறான். போக்கு நீண்டால் சோற்றுக்குப் பதில் காசு. போக்கு ஓயாத தொழிலாகிவிட்டால் அந்தக் காசே மாதந்தோறும். ஓயாமல் போகிறவன் யார்? தண்டில் சேர்ந்த சேவகன். சம்பளம் முதலில் படைக்குரிய சொல்லாக இருந்து பிறகு அலுவலகத்துக்கு வந்தது என்பது என் துணிபு.

பொருள் தமிழுக்குப் புதிதன்று. சொல் மட்டுமே வந்து சேர்ந்தது. வழியுணவுக்கு நம்மிடம் எத்தனை சொற்கள்! பொதிசோறு, கட்டமுது, ஆற்றுணா, தோட்கோப்பு. பழமொழி நானூறு கற்றவனுக்கு ஆற்றுணா தேவையில்லை என்கிறது. போகுமிடமெல்லாம் அவனுக்குச் சொந்த ஊராம். நாலடியாரின் 20ஆம் பாட்டில் வரும் தோட்கோப்பு இன்னும் கூர்மையானது. கூற்றுவன் ஆள் தேடி அலைகிறான், ஆகவே தோளில் மாட்டும் சோற்றுப்பையை நேரத்தோடு கட்டிக்கொள் என்று அந்தச் சமண முனிவர் எச்சரிக்கிறார். சாவையும் வழிச்சோற்றையும் ஒரே பாட்டில் வைத்தவர் அவர். பவுலும் வைத்தார். ஆனால் பவுலிடம் அந்தச் சோறே சாவு.

இங்கேதான் கிரேக்கச் சொல்லுக்கு வரவேண்டும். பவுல் எழுதியது 'ஒப்சோனியோன்' என்பதன் பன்மை. அதன் முதற்பகுதி 'ஒப்சோன்': அப்பத்துக்குத் தொட்டுக்கொள்ளச் சமைத்தது. மதுரைக்குத் தெற்கே வெஞ்சனம் என்பார்களே, அதுவேதான். ஆதென்சுக்காரருக்கு மீன்மேல் இருந்த ஆசையால் வெஞ்சனம் என்றாலே மீன் என்றாகி, 'ஒப்சாரியோன்' என்ற குறுமைப் பெயர் மீனுக்கே நின்றுவிட்டது. யோவான் நற்செய்தியில் சிறுவன் கையிலிருந்த இரண்டு மீன்களுக்கு அந்தச் சொல்தான். இன்றைய கிரேக்கரின் 'ப்சாரி' அதன் தேய்ந்த வடிவம். பிற்பகுதி வாங்குதல் என்னும் வினையோடு சேர்ந்தது. ஆக ஒப்சோனியோன் என்றால் வெஞ்சனக்காசு. பொலிபியுசு தம் வரலாற்றின் ஆறாம் நூலில் உரோமப் படையின் ஊதியத்தைக் கூறும் இடத்தில் இச்சொல்லையே ஆள்கிறார்: காலாளுக்கு நாளொன்றுக்கு இரண்டு ஒபோல், நூற்றுவர் தலைவனுக்கு அதன் இரட்டிப்பு, குதிரைவீரனுக்கு ஒரு திராக்மா. அதிலிருந்தே தானியத்துக்கும் உடுப்புக்கும் கூடுதல் ஆயுதத்துக்கும் பிடித்தம் உண்டு என்றும் சேர்த்தே சொல்கிறார். இந்தப் பிடித்தம் எவ்வளவு எரிச்சல் தந்தது என்பதற்குத் தாசித்து சாட்சி. கி.பி. 14இல் பன்னோனியாப் படை கலகம் செய்தபோது அவர்கள் கூவிய குறை, உடம்புக்கும் உயிருக்கும் நாளொன்றுக்குப் பத்து அசு விலை வைத்து, அதிலேயே உடைக்கும் ஆயுதத்துக்கும் கூடாரத்துக்கும் கழித்துக்கொள்கிறார்கள் என்பது.

புதிய ஏற்பாட்டில் இச்சொல் நான்கே இடங்களில் வருகிறது. லூக்கா 3:14இல் யோவான்ஸ்நானகன் போர்ச்சேவகரிடம் பேசுகிறார். 1 கொரிந்தியர் 9:7இல் எந்தப் படைவீரனும் தன் கைக்காசில் போருக்குப் போவதில்லை என்று பவுல் வாதிடுகிறார். 2 கொரிந்தியர் 11:8இல் மற்றச் சபைகளிடம் வாங்கியதைச் சொல்லும்போது, கூடவே கொள்ளையடித்தேன் என்ற போர்க்கள வினையையும் போடுகிறார். நான்காவது நம் வசனம். நான்கில் இரண்டு வெளிப்படையாகப் படை, மூன்றாவது படைச்சாயல். நான்காவதை மட்டும் களத்துமேட்டுக்கு இழுத்துப்போக என்ன நியாயம்?

களத்துமேட்டுக் கூலிக்குக் கிரேக்கத்தில் வேறு சொல் இருக்கிறது: 'மிஸ்தோஸ்'. மத்தேயு 20இல் திராட்சைத் தோட்டத்து வேலையாட்கள் மாலையில் வரிசையில் நின்று வாங்குவது மிஸ்தோஸ். ரோமர் 4:4இல் வேலை செய்தவனுக்குக் கடனாகச் சேரவேண்டியது என்று பவுல் கூறுவது மிஸ்தோஸ். இரண்டையும் பவுல் குழப்பவில்லை. நம் பழைய மொழிபெயர்ப்பாளரும் குழப்பவில்லை என்பது வியப்பு. 1714–15இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சேற்றியதில் தொடங்கி, பப்ரிசியசு கைக்கு வந்து, ஹென்றி பவர் திருத்தி 1871இல் நிலைபெற்ற அந்தப் பழைய மொழிபெயர்ப்பில், மிஸ்தோஸ் வருகிற இவ்விடங்களில் கூலி. ஒப்சோனியோன் வருகிற லூக்காவிலும் ரோமரிலும் சம்பளம். (1 கொரிந்தியரில் மட்டும் சொந்தப் பணம் என்று விரித்துக் கோட்டைவிட்டார்கள். ஆனால் அதே வசனத்தில் படைக்குத் தண்டு என்ற அருமையான சொல்லைப் போட்டிருக்கிறார்கள், மன்னிக்கலாம்.) லூக்கா 12:42இல் வீட்டு வேலைக்காரருக்கு அளந்து கொடுக்கும் தானியப் பங்குக்குக் கிரேக்கத்தில் 'சிதோமெத்ரியோன்', தமிழில் படி. அளவுப்பாத்திரமும் படி, அதில் அளந்த தானியமும் படி, அரசு ஊழியர் இன்றும் எதிர்பார்த்திருக்கும் அகவிலைப்படியும் படி. இதைவிடத் துல்லியமாக எவராலும் பெயர்க்க முடியாது. கர்நாடகப் போர்களின் நடுவில் வாழ்ந்தவர் பப்ரிசியசு. சிப்பாய்க்குச் சம்பளம் ஒன்று, படி ஒன்று என்று இரண்டு கணக்கு இருப்பது கும்பினிப் பட்டாளத்தின் காலத்தில் தெருவில் போகிறவருக்கும் தெரியும்.

படி என்றதும் வீழிமிழலை நினைவுக்கு வரும். பஞ்ச காலத்தில் அப்பருக்கும் சம்பந்தருக்கும் இறைவன் நாள்தோறும் வைத்த படிக்காசு. சம்பந்தர் காசுக்கு வட்டம் பிடித்தார்கள், அப்பர் காசுக்குப் பிடிக்கவில்லை. அப்பர் உழவாரம் ஏந்தி உடம்பால் தொண்டு செய்தவர் என்று சேக்கிழார் காரணம் காட்டுகிறார். காசு அருளாக வந்ததா, ஊழியத்துக்கு வந்ததா என்ற வழக்கு அங்கேயும் உள்ளூர ஓடுகிறது. பெரியபுராணம் படித்த பிரசங்கியார் ஒருவராவது இதை எடுத்துப் பேசியிருந்தால் உப்பை மன்னித்திருப்பேன்.

இனி 1995இல் வந்த திருவிவிலியம். கத்தோலிக்கரும் மற்றத் திருச்சபையாரும் கூடி உழைத்த பொது மொழிபெயர்ப்பு. தமிழ் ஓட்டத்தில் பழையதை எத்தனையோ இடங்களில் வென்றது. ஆனால் ரோமர் 6:23இல் கூலி என்று போட்டுவிட்டார்கள். சம்பளம் வடசொல், கூலி தமிழ்ச்சொல் என்ற கணக்காக இருக்கலாம். அந்தக் கணக்கில் ஓர் அதிகாரத்தின் நெஞ்சே இடம் மாறிவிட்டது.

எப்படி என்று பார்க்கவேண்டும். தமிழ்க் காதுக்குப் பாவம் என்றால் செயல். புண்ணியம் ஒரு தட்டு, பாவம் ஒரு தட்டு. இருவினை என்று சேர்த்தே சொல்வோம். செய்த வினை வந்து உருத்தும் என்று சிலப்பதிகாரம் ஒரு காப்பியத்தையே அதன்மேல் கட்டியது. (இரங்கத்தக்கவனைக் கண்டாலும் 'ஐயோ பாவம்' என்போம். அவன் பழவினையை எண்ணிப் பிறந்த சொல்லோ என்னவோ. அது தனிக் கட்டுரை.) இந்தக் காதில் பாவத்துக்குக் கூலி சாவு என்று விழுந்தால் கேட்பது வினைப்பயன். செய்தாய், வாங்கிக்கொள். கணக்கு நேர்.

பவுலின் ஆறாம் அதிகாரத்தில் பாவம் செயல் அன்று, ஆள். ஐந்தாம் அதிகாரம் முடியும்போதே அது அரியணை ஏறிவிட்டது. ஆறாம் அதிகாரம் 12ஆம் வசனத்தில் அது உடம்பை ஆளும் அரசன். 13இல் நம் கைகால்கள் அந்த அரசனிடம் ஒப்படைக்கப்படும் படைக்கலன்கள். கிரேக்கத்தில் 'ஹொப்ளா', பழைய தமிழில் ஆயுதங்கள். 14இல் அது ஆண்டகையாக அதிகாரம் செலுத்துவது பேசப்படுகிறது. 16 முதல் அடிமை ஊழியம். அரசன், ஆயுதம், ஒப்படைப்பு, கீழ்ப்படிதல், கடைசியில் ஒப்சோனியோன். பாவம் என்னும் கொற்றவன் தன் தண்டுக்குத் தினமும் அளக்கும் படிச்சம்பளம் சாவு என்பதே அந்த வரியின் நடை. வேலை முடிந்த மாலையில் ஒருமுறை எண்ணித் தரும் தொகையாக அதைப் படித்தால் சாவு கடைசி நாளுக்குத் தள்ளிப்போகிறது. சம்பளமாகப் படித்தால் ஊழியத்தில் இருக்கும் ஒவ்வொரு நாளும் அதைத்தான் தின்கிறோம். கிரேக்க அறிஞர் காரகூனிஸ் 1974இல் இந்தச் சொல்லைப் பழைய ஆவணங்களில் தேடித் துருவி, ஊதியம் என்ற பொருளைவிட உணவுப்பொருள், பராமரிப்பு என்ற பொருளே இதற்கு முதன்மை என்று காட்டினார். அவருக்குச் சம்பல என்ற சொல் தெரிந்திருக்கவில்லை; தெரிந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

எதிர்ப்பக்கத்துச் சட்டம்பிள்ளைகள் ஒரு கேள்வி வைத்திருக்கிறார்கள். அதிகாரம் முழுக்க அடிமையைப் பற்றிப் பேசிவிட்டு முடிவில் மட்டும் படைவீரன் எப்படி வருவான்? அடிமைக்கு ஏது சம்பளம்? விடை எளிது. ஆயுதம் 13ஆம் வசனத்திலேயே வந்துவிட்டது. அடிமை அதற்குப் பிறகுதான் வருகிறான். மேலும் எகிப்திலிருந்து கிடைத்த செனோன் ஏடுகளில் பண்ணையாட்கள் தானியப் படியோடு சேர்த்து மாதந்தோறும் வாங்கும் காசுக்கும் ஒப்சோனியோன் என்றே பெயர். படையோ பண்ணையோ, ஆண்டவன் தன் ஆளைத் தீனி போட்டு வைத்துக்கொள்வதுதான் சொல்லின் கரு. கேள்வி இத்துடன் விழுந்தது.

பவுல் சம்பளத்துக்கு எதிரே வைத்தது 'காரிஸ்மா'. பழைய தமிழில் கிருபைவரம், புதியதில் அருள்கொடை. இரண்டாம் நூற்றாண்டில் கார்த்தேசில் பிறந்த தெர்த்துல்லியன் இதை இலத்தீனில் எழுதும்போது 'தொனாத்திவும்' என்றார். பேரரசன் பட்டமேறும்போது படைக்கு வாரி வழங்கும் கொடைக்கு அதுதான் பெயர். தெர்த்துல்லியன் காதில் இந்த வசனம் எந்த முகாமிலிருந்து ஒலித்தது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. புதிய அரசன் ஒருவன் ஏறிவிட்டான் என்பது அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

பழைய அரசனிடமிருந்து எப்படி விலகுவது? கடனைக் கட்டியா? கூலி என்று படித்தவர்களுக்கு அப்படித்தான் தோன்றும்: கணக்கைத் தீர்த்துவிட்டால் விடுதலை. பவுல் அந்த வழியில் போகவில்லை. உரோமப் படையில் பேர் பதிந்தவன் அகஸ்துவின் பிந்திய சட்டப்படி 20 ஆண்டு ஊழியம் செய்யவேண்டும். அதற்கு முன்னால் ஓடினால் குற்றம். ஊதியப் பட்டியலிலிருந்து அவன் பேரைக் கேள்வியில்லாமல் அடித்துவிட ஒன்றால்தான் முடியும். செத்தவன்மேல் தளபதிக்கு ஆணை இல்லை. ஆறாம் அதிகாரம் ஏழாம் வசனம் இதைத்தான் சொல்கிறது: செத்தவன் பாவத்தின் பிடியிலிருந்து தீர்ந்தவன். 'தீர்ந்தவன்' என்ற இடத்தில் பவுல் வைத்திருப்பது நியாயமன்றச் சொல். வழக்கிலிருந்து விடுபட்டான் என்பது போல. ஏழாம் அதிகாரத்துத் தொடக்கத்தில் கணவன் இறந்தால் மனைவிக்கு அந்தக் கட்டு இல்லை என்று மறுபடியும் இதையே வேறு உவமையில் சொல்கிறார்.

ஆனால் இவன் செத்தால் விடுதலையை அனுபவிப்பது யார்? பவுலின் விடை ஒரு முன்னொட்டில் இருக்கிறது. 'சுன்', உடன். நான்காம் வசனத்தில் உடன் அடக்கம், ஆறில் உடன் சிலுவை, எட்டில் உடன் வாழ்வு. கிறிஸ்துவின் சாவு ஞானஸ்நானம் பெற்றவனின் சாவாக எண்ணப்படுகிறது. பழைய அரசனின் பட்டியலில் அவன் பேருக்கு எதிரே 'இறந்தான்' என்று எழுதியாயிற்று. எழுந்து நடக்கிறவன் வேறோர் ஆண்டகையின் ஆள். ஐந்தாம் வசனத்தில் இந்த உடன்மைக்கு ஒரு தனிச்சொல்: 'சும்ஃபுதோய்'. இலத்தீன் வழிவந்தவர்கள் கூட நடப்பட்டவர் என்று பெயர்த்தது பிழை. நடுதலுக்கு வேறு வினை. இது வளர்தல் என்னும் வினையிலிருந்து வந்தது. கிரேக்க வைத்தியர் எலும்பு கூடுவதற்கு இதே வேரில் சொல் செய்தார்கள். இடுப்பெலும்பின் முன்கூட்டுக்கு மருத்துவ மாணவர் இன்றும் மனப்பாடம் செய்யும் 'சிம்ஃபிசிஸ்' அதுதான். தமிழில் நமக்கு வினையே தயாராக இருக்கிறது. புத்தூரில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தவனைப் பார்த்து எலும்பு கூடிவிட்டதா என்றுதானே கேட்கிறோம்? புண்ணும் கூடும், எலும்பும் கூடும், மனமும் கூடும். இணைக்கப்பட்டோம் என்று பழைய மொழிபெயர்ப்பு போட்டது தவறில்லை, ஆனால் ஆணி அடித்தது போல இருக்கிறது. அவர் சாவோடு கூடினவர்கள் என்றிருந்தால் உயிர் இருந்திருக்கும்.

பழையதைப் புகழ்ந்த வாயால் இப்போது குறையும் சொல்லவேண்டும். அதே 23ஆம் வசனத்தின் பிற்பாதியில் கிறிஸ்து இயேசுவில் என்ற பொருள்படப் பவுல் 'என்' என்ற இடைச்சொல்லை வைத்தார். பழையவர்கள் அதை 'இனால்' ஆக்கினார்கள்: கிறிஸ்துவினால் உண்டான வாழ்வு. கருவிப்பொருள். இதே இடைச்சொல்லுக்கு அதே அதிகாரத்தின் 11ஆம் வசனத்தில் 'உக்குள்' என்று போட்டவர்கள் பன்னிரண்டு வசனம் தள்ளிக் கைமாற்றியது ஏன்? 1892இல் தெய்ஸ்மன் என்ற ஜெர்மானியர் இந்த ஒற்றை இடைச்சொல்லுக்காக ஒரு நூலே எழுதி, பவுலிடம் இது இடப்பொருள், காற்றுக்குள் வாழ்வது போல என்று நிறுவப் பார்த்தார். அவர் கொஞ்சம் மிகை, ஆனால் திசை சரி. இந்த இடத்தில் திருவிவிலியம் வென்றது. கிறிஸ்துவோடு இணைந்து என்ற தொடரை அது இங்கேயும் பிற இடங்களிலும் துணிந்து ஆள்கிறது. ஏழாம் வேற்றுமைக்கு மூன்றாம் வேற்றுமையா என்று இலக்கண ஆசிரியர் முகம் சுளிக்கலாம். தொல்காப்பியர் சுளிக்கமாட்டார். மூன்றாவதற்கு அவர் வைத்த பெயரே 'ஒடு'. வினைமுதலும் கருவியும் அதற்குள்ளே அடங்கின. 'ஆல்' என்பதை முன்னுக்குக் கொண்டுவந்தது நன்னூல். ஒருவனால் நடக்கிறது என்பதும் ஒருவனோடு நடக்கிறது என்பதும் பழந்தமிழில் ஓருருபின் இரு முகம். பவுலின் 'என்' தமிழுக்கு வந்தால் உட்காரத் தகுந்த இடம் அதுதான்.

இந்த விடுதலை நாம் வீடு என்று சொல்லும் விடுதலை அன்று என்பதையும் இங்கே குறிக்கவேண்டும். விடு என்ற வினையிலிருந்து வீடும் வந்தது, விடுதலையும் வந்தது. அறம் பொருள் இன்பத்துக்குப் பிறகு வரும் வீட்டில் ஆள்வார் இல்லை, ஆளப்படுவார் இல்லை. பவுல் 18ஆம் வசனத்தில் விடுவிக்கப்பட்டீர்கள் என்று சொன்ன மூச்சிலேயே நீதிக்கு அடிமையானீர்கள் என்கிறார். முரண் என்று நினைப்பவர்கள் திருவெண்ணெய்நல்லூர் வழக்கை நினைத்துக்கொள்ளலாம். பாட்டன் எழுதிக்கொடுத்த அடிமை ஓலையைக் காட்டி ஒரு கிழவேதியர் மணப்பந்தலில் வந்து ஆரூரரை இழுத்துப்போனார். அந்த நிகழ்ச்சிக்குச் சைவர் வைத்த பெயர் தடுத்தாட்கொண்டது. ஆட்கொள்ளுதல் என்ற வினை தமிழில் இருக்கும்போது, விடுதலையும் அடிமையும் ஒரே வசனத்தில் எப்படி என்று நம்மவர் திகைக்க வேண்டியதில்லை.

உப்பைச் சம்பளத்தில் தேடுகிறவர்களின் ஆசை எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்குத் தெரியும். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்ற பழமொழிதான் அவர்களை இழுக்கிறது. செஞ்சோற்றுக் கடன் என்ற எண்ணம் அதன் அடியில் இருக்கிறது. கர்ணன் எந்தப் பக்கம் நிற்கவேண்டும் என்பதைத் தாயின் வாக்கோ தம்பியரின் உறவோ முடிவு செய்யவில்லை, உண்ட சோறு முடிவு செய்தது. சோறு போட்டவனுக்காகச் சாகிறான். ரோமர் ஆறில் அந்தக் கடனும் இல்லை: அந்த அரசன் போட்ட சோறு சாவாகவே இருந்தபோது அவனுக்குக் கழிக்கவேண்டிய நன்றி என்ன மிச்சம்? பவுல் 21ஆம் வசனத்தில் அந்த ஊழியத்தால் உங்களுக்கு என்ன பலன் கிடைத்தது என்று கேட்பது இந்த இடத்தைக் குறிவைத்துத்தான்.

அடுத்த மொழிபெயர்ப்புக் குழு எப்போது கூடுமோ தெரியாது. கூடினால், 6:23இன் முற்பாதியைப் பழையவர்களிடமிருந்தும் பிற்பாதியைப் புதியவர்களிடமிருந்தும் எடுத்துக்கொள்ளட்டும். கூலி மத்தேயு 20இல் பத்திரமாக இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். சம்பளம் வடசொல்லாயிற்றே என்று தயங்குகிறவர்கள் பாவமும் வடசொல் என்பதை நினைவில் வைக்கவும். சம்பாவும் அளமும் பேசுகிறவர்கள் கல்வெட்டோ ஓலையோ ஒன்றைக் கொண்டுவந்து நெல்லையும் உப்பையும் ஒருசேர அளந்த கணக்கு அங்கே சம்பளம் என்ற பெயரோடு நிற்பதைக் காட்டும்வரை, அது வழிச்சோறு, தண்டுக்கு அளந்த சோறு என்றே நான் கொள்வேன்.